வராதவர் வீட்டுக்குப் போகும் காப்பி

செம்மோர், ஈப்போ
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் கடவுள் புண்ணியத்தில் கை கால் ஓடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். என்னடா இது, கையில் போன் இருக்கும்போது அம்மா காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று இரண்டு சரி சொல்லி வைத்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போனதை நீ கேட்பதே இல்லை என்று உன் அண்ணன் போட்டுக் கொடுத்துவிட்டான். கடிதமென்றால் யாரும் குறுக்கே பேச முடியாது. உன் ஆபீஸ் பெண் அடுத்த வாரம் கோலாலம்பூரிலிருந்து கொழும்புக்கு வருகிறாள் என்று சொன்னாயே, அவளிடம் இதையும் ஒரு பெட்டியையும் கொடுத்துவிட அப்பா ஏற்பாடு செய்திருக்கிறார். பெட்டியில் எலுமிச்சை ஊறுகாயும், உனக்கு இரண்டு பருத்திச் சட்டையும், புந்தோங்கில் நம்ம ஆட்கள் வறுக்கிற கடலை, அந்தக் கச்சாங் பூத்தே ஆறு பொட்டலமும் இருக்கின்றன. கச்சாங் பூத்தே உனக்கு இல்லை, உன் திட்டத்தில் இருக்கிற பதினேழு பெண்களுக்கு. நிலக்கடலையை அங்கே முல்லைத்தீவில் கச்சான் என்கிறார்கள் என்று நீ எழுதியதைக் கேட்டு அப்பா நாள் முழுக்கச் சிரித்தார். நாம் கச்சாங் என்கிறோம், அவர்கள் கச்சான் என்கிறார்கள், கடலை மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்பாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொன்னால் இவர் மோட்டாரில் காப்பிக் கடைவரை போய்விட்டு நடந்துவிட்டேன் என்கிறார். பள்ளி வேன் ஓட்டுவதை விட்டதிலிருந்து அவருக்குப் பொழுது போகவில்லை. போனில் வானிலை பார்க்கிற இடத்தில் முல்லைத்தீவு என்று போட்டு வைத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் இங்கே மழையா வெயிலா என்று ஜன்னலைத் திறந்து பார்ப்பதில்லை, அங்கே என்ன என்று பார்த்துத் தெருவில் போகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவிடம்கூட இன்னிக்கு அங்க நல்ல மழை லா என்று சொல்ல, அவர் ஓடிப்போய்க் காயப் போட்ட துணியை எல்லாம் எடுத்துவிட்டார். உன் அண்ணன் ஷர்வின் கமுந்திங்கில் அதே பேக்டரியில்தான் இருக்கிறான், இப்போது சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார்கள். தைப்பிங்கில் ஓயாத மழை, வாடகை வீட்டில் துணி காய்வதே இல்லை என்று உன் அண்ணி தினேஸ்வரி புலம்புகிறாள். பிள்ளை பிறந்தால் எத்தனை துணி வரும், அந்த மழையில் என்ன செய்வாள் பாவம். ஆறாவது மாதம், முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறது. வந்தால் புளிச்சக்கீரை வேண்டும் என்கிறாள், நானும் செம்மோர் சந்தையில் தேடி வாங்கிக் கொடுத்தனுப்புகிறேன். தீபாவளிக்கு நீ இல்லாமல் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அதைச் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னார், இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன், பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு நான்காவது முறையும் படித்தேன். சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் அந்த ஊர்ப் பெண்களுக்கு நிலையான வருமானம் இல்லை, ஆகையால் என்ன தொழில் செய்யலாம் என்று உன் தொண்டு நிறுவனத்தில் நீங்கள் சொல்லாமல் அவர்களையே கூட்டிவைத்துக் கேட்டீர்கள், அவர்கள் எங்கள் மண்ணில் விளைகிற கச்சானை வறுத்துப் பொட்டலம் கட்டி நாங்களே விற்கிறோம் என்று சொன்னார்கள், நீங்களும் கொட்டகை போட்டு வறுக்கிற மெஷினும் வாங்கிக் கொடுத்தீர்கள் என்றெல்லாம் முன்பே சொல்லியிருந்தாய். அதைக் கேட்டு எனக்கு எத்தனை பெருமை என்று உனக்குத் தெரியாது, கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். இப்போது பார்த்தால் பதினேழு பேரில் நான்கு பேர்தான் வருகிறார்கள் என்கிறாய். முதலில் வராமல் நின்றவள் கலாதேவி, அந்தக் கூட்டத்தில் எல்லாரையும்விட அதிகம் பேசியவளும் கடலை யோசனையைச் சொன்னவளும் அவள்தான். அவள் நின்றதும் ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் வேலை இருக்குது, வருத்தமாக் கிடக்குது என்று எதையாவது சொல்கிறார்களாம், வருத்தம் என்றால் அங்கே உடம்புக்கு முடியவில்லை என்று அர்த்தமாமே. பொங்கலுக்குள் கூட்டம் சேராவிட்டால் மெஷினைக் கழற்றி அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று உன் மேலாளர் சொல்லிவிட்டார். அறுவடை தையில், அந்த நேரம் பார்த்து மெஷின் போய்விட்டால் பழையபடி வியாபாரி வந்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போவான். இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசியில், இவங்களுக்கு இது ஒத்துவராது போல இருக்கும்மா, நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்கே வந்துடலாம்னு பாக்கிறேன் என்று முடித்திருக்கிறாய்.

நீ வீட்டுக்கு வருகிறாய் என்றதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இவங்களுக்கு ஒத்துவராது என்கிற அந்த வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏனென்றால் அது என் வார்த்தை ஷர்மினி. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த வீட்டில் நான் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. நம்ம பொம்பளைங்களுக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று அடுப்பங்கரையில் நின்று சொல்வேன், நீ சாப்பாட்டு மேசையில் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய். எதைப் பற்றிச் சொன்னேன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் படி.

தோட்டத்தை விற்று, ரப்பர் மரத்தை எல்லாம் சாய்த்து, நம்மை இந்தத் தாமான் வரிசை வீடுகளுக்கு அனுப்பிய வருடம் உனக்கு ஒன்பது வயது. ஆம்பளைங்கள் லோரிக்கும் பேக்டரிக்கும் போய்விட்டார்கள். பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தே பழகிய பெண்கள் நாங்கள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்போது நாங்களே பேசி, முறுக்கும் மிக்சரும் போட்டு ஈப்போக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தோம். பெரிய அடுப்பும் மாவு பிசைகிற மெஷினும் ஓர் உதவித் திட்டத்தில் கிடைத்தன. கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகையைக் கொடுத்தார்கள். மொத்தம் பதினொரு பேர். நான் மூன்றாம் பாரம் வரை படித்தவள், அதனால் நீயே பாத்துக்க சரளா என்றார்கள். நான் பார்த்துக்கொண்ட விதம் என்ன தெரியுமா? முதல் நாளே பெரட்டு வைத்தேன். தோட்டத்தில் விடியுமுன் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டுதான். என் அப்பா ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த காது எனக்கு. வேலை என்றால் அப்படித்தான் தொடங்கும் என்று நினைத்தேன், வேறு மாதிரித் தொடங்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. காலையில் ஆறரைக்கு வரிசையில் நிற்க வேண்டும், நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு பெயர் கூப்பிடுவேன், வந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்களை யாரும் இனிமேல் வரிசையில் நிற்க வைக்க முடியாது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த பெண்களை நானே நிற்க வைத்தேன்.

நவமணியை உனக்குத் தெரியும், மூன்றாவது வரிசைக் கடைசி வீடு, காரில்லாத கார் நிறுத்துமிடத்தில் எப்போதும் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்திருப்பார்களே. ஒருநாள் அவள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள். தலை கலைந்து, முந்தின நாள் கட்டின சேலையோடு. நான் எல்லார் முன்னாலும், நேரத்துக்கு வர முடியலன்னா வீட்டுலயே இரு, இது என்ன உன் மாமியார் வீடா என்று கேட்டு அவள் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். அவள் அன்றைக்கு முழுக்க முறுக்குப் பிழிந்துவிட்டுப் போனாள், மறுநாளிலிருந்து வரவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவள் வீட்டுக்காரர் மோட்டாரில் விழுந்து ஈப்போப் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்றும், அவள் அங்கிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து நேராகக் கொட்டகைக்கு வந்தாள் என்றும். தெரிந்த உடனே போயிருக்கலாம். போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று வெட்கம். அந்த வெட்கத்தை மறைக்க அவள்மேலேயே கோபப்பட்டுக்கொண்டேன், சொல்லியிருந்தா நான் என்ன முழுங்கிடுவேனா என்று. அவளுக்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருத்தராக நின்றார்கள். ஐந்தாவது மாதம் லோரி வந்து மெஷினை ஏற்றிக்கொண்டு போனது. நான் வீட்டுக்கு வந்து, நம்ம பொம்பளைங்களுக்கு ஒத்துவராது என்றேன்.

உன் செய்தியில் நீ ஒரு படம் அனுப்பியிருந்தாய். கொட்டகைக்கு முன்னால் பேனர் கட்டி, பெண்கள் எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள், நீ கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு எதிரில் நிற்கிறாய். ஆபீஸுக்குத் தினமும் காலையில் வருகை எடுத்துப் படம் அனுப்ப வேண்டும் என்று விளக்கமும் எழுதியிருந்தாய். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ நிற்கிற நிலை அப்படியே நான் நின்ற நிலை, காகிதத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருப்பதுகூட. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்கள் சண்டை முடிந்தபோது முகாமில் இருந்தவர்கள் என்று நீதானே சொன்னாய். கம்பிக்குப் பின்னால் ஜனங்கள் பாத்திரத்தோடு வரிசையில் நின்றதை நாம் டிவியில் பார்த்து அழுதோமே. எத்தனை காலை அவர்களை நிற்க வைத்து எண்ணியிருப்பார்கள், எத்தனை பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராமல் போயிருக்கும். கலாதேவியின் புருஷன் எங்கே என்று இன்றுவரை தெரியாது என்று எழுதியிருந்தாய். நீ நல்ல எண்ணத்தோடுதான் செய்தாய், நானும் அப்படித்தான் செய்தேன். பெரட்டுதான் குற்றம், அதை நிறுத்தச் சொல்லி உனக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு எழுதவும் உட்கார்ந்தேன். ஆனால் பேனா ஓடவில்லை. பத்தொன்பது வருடமாகக் கோயிலில் பார்த்தால் தலையாட்டுவதோடு நிற்கிற ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, அவளிடம் கேட்காமல் நான் எப்படி உனக்குப் புத்தி சொல்வது? அப்பாவிடம் சொன்னேன். அவர் டிவியை நிறுத்திவிட்டு, இப்பவாச்சும் போயேன், நான் வேணும்னா வாசல்வரைக்கும் வாரேன் என்றார்.

தனியாகத்தான் போனேன், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. அங்கே ஐந்து பெண்கள் உட்கார்ந்து தோசை மாவைப் பையில் ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உனக்குத் தெரியுமோ என்னவோ, இந்தத் தாமானில் நம் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் நவமணி மாவுதான், செம்மோர்க் கடைகளிலும் அவள் மாவுதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. நான் மட்டும் வீம்பாக வீட்டிலேயே ஆட்டிக்கொண்டிருந்தேன், அப்பாவும் முழங்கால் வலியோடு கிரைண்டரைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், பாவம் மனுஷன். வாசலில் நின்ற என்னைப் பார்த்து அந்தப் பெண்கள் பை கட்டுவதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். நவமணி மட்டும், உள்ள வா லா, வெயில்ல ஏன் நிக்கிற என்றாள். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. உன்னை அன்றைக்கு வரிசையில் நிற்க வைத்துப் பெயரை அடித்தேனே, அது தப்பு, அதனால்தான் நீ வரவில்லை, என்னை மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, உன் ஊர் விஷயத்தையும் முழுக்கச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பேரு கூப்புட்டதுக்கு நான் கோவிக்கல சரளா, பெரட்டுலயே பொறந்து வளந்தவதானே நானு, அதெல்லாம் தொடச்சிட்டுப் போயிடுவேன் என்றாள். மறுநாளு நான் வரல, அதுக்கு அடுத்த நாளும் வரல, ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்த, ஒரு எட்டு வந்து பாத்தியா நீ, நீ வருவ, வந்து திட்டுவ, நானும் நல்லாத் திரும்பத் திட்டிட்டு வேலைக்கு வந்துடலாம்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன் என்றாள். ஒரு நடை நடந்திருந்தால் போதும். அந்த ஒரு நடையைச் செலவழிக்காமல் பதினொரு பேர் வேலையைத் தொலைத்தேன்.

அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். அங்கே நேரம் என்று ஒன்று இல்லாமல் இல்லை, அரிசி ஊறினால் ஆட்டித்தானே ஆக வேண்டும், எல்லாரும் எட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். ஆனால் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. ஒருத்தி வரவில்லை என்றால் இருக்கிறவர்களில் ஒருத்தி காப்பி கலந்து எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறாள். வேலைக்கு வா என்று கூப்பிடப் போவதில்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவும் போவதில்லை. காப்பியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறாள். அவ்வளவுதான். பிள்ளைக்குக் காய்ச்சலா, புருஷன் அடித்தானா, மனசு சரியில்லையா, காப்பி குடித்து முடிப்பதற்குள் தானாக வெளியே வந்துவிடுமாம். சிலர் அப்படியே எழுந்து கூடவே வந்துவிடுவார்கள், சிலர் ஒரு வாரம் கழித்து வருவார்கள். யார் பெயரையும் அடித்துவிட்டதே இல்லை. உன் கலாதேவியைப் பற்றிக் கேட்டதற்கு நவமணி, வரிசைய நிறுத்தச் சொல்லு, அது சரிதான், ஆனா வரிசைய மட்டும் நிறுத்திட்டா யாரும் வந்துட மாட்டாங்க, ஒம் மக அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காளான்னு முதல்ல கேளு என்றாள். போயிருக்கிறாயா? உன் செய்திகளை எல்லாம் திரும்பத் தேடிப் பார்த்தேன். கொட்டகையைப் பற்றி இருக்கிறது, மெஷினைப் பற்றி இருக்கிறது, கூட்டத்தைப் பற்றி இருக்கிறது. ஒரு பெண்ணின் வீட்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை.

இன்னொன்றையும் கேள். நாளைக்கு நீயும் வா, கை ஒண்ணு கூட இருந்தா நல்லதுதானே என்று நவமணி சொன்னாள், நானும் வாரேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் குளித்துச் சேலை கட்டி நிற்கிறேன், கால் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறது. அந்தப் பெண்கள் என்ன நினைப்பார்கள், இத்தனை வருடம் கழித்து எந்த உரிமையில் போய் உட்காருவது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் சேலையை மாற்றிக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டேன். எட்டரை மணி இருக்கும், கேட்டில் தட்டுகிற சத்தம். நவமணி நிற்கிறாள், ஒரு கையில் குடை, ஒரு கையில் மூடி போட்ட காப்பிக் கிண்ணம். ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. வெங்காயமா, குடு ஒரு கை பாக்கிறேன் என்று சொல்லி எதிரில் உட்கார்ந்தாள். நான் அந்தக் காப்பியைக் குடித்தேன். அழுகையோடு குடித்ததால் சர்க்கரை போதுமா போதாதா என்றுகூடத் தெரியவில்லை. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டேன். அப்பா உள்ளே இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, போனில் உன் ஊர் வானிலையைப் பார்ப்பது மாதிரி பாவனை செய்துகொண்டு திரும்பிப் போய்விட்டார். அன்றைக்குப் பத்து மணிக்கு நான் அவளோடு கிளம்பிப் போனேன். இன்றைக்கு ஆறாவது நாள்.

அதனால் நீ என்ன செய் என்றால், கலாதேவி வீட்டுக்குப் போ. ஆபீஸ் ஜீப்பில் போகாதே, சைக்கிள் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு போ, படம் எடுக்காதே, காகிதம் கொண்டு போகாதே. கச்சாங் பூத்தே ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போ, எங்கள் ஊரில் நம்ம ஆட்கள் கடலையை இப்படித்தான் செய்வார்கள், ருசி பார்த்து என்ன குறை என்று சொல்லுங்கள் என்று கொடு. அவள் அடுப்படியில் இருந்தால் அடுப்படியில் உட்கார், தோட்டத்தில் இருந்தால் அவளோடு களை பிடுங்கு, உனக்குக் களை எது செடி எது என்று தெரியாது, அவள் திட்டட்டும், திட்டினால் நல்லது. அவள் ஏன் வராமல் போனாள் என்று எனக்குத் தெரியாது. வரிசைதான் காரணமோ, வேறு ஏதாவதோ, உனக்கும் தெரியாது. சொல்கிறவரைக்கும் நீயாக ஒன்றை முடிவு கட்டாதே, நான் அப்படித்தான் கெட்டேன். ஒருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதே, பதின்மூன்று வீடு இருக்கிறது. உன் மேலாளருக்குப் படம் வேண்டுமென்றால் வேலை செய்கிற கையைப் படமெடுத்து அனுப்பு, வருகை வேண்டுமென்றால் ஒரு நோட்டை ஆணியில் தொங்கவிடு, வருகிறவர்கள் அவர்களே எழுதிக்கொள்ளட்டும். இதையும் நீ முடிவு செய்யாதே, அவர்களைக் கேள். பொங்கலுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. கடலையைத் தேர்ந்தெடுத்தது அவர்கள், அந்த மெஷினும் அவர்களுடையது, அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கும் மனசு இருக்காது. நவமணிக்கு எல்லாரையும்விட நம்பிக்கை அதிகம். உன் பெண்கள் கடலையை வறுத்து அனுப்பினால் நம் மாவுப் பையோடு செம்மோர்க் கடைகளில் அவளே கொண்டுபோய் வைக்கிறாளாம், கப்பலில் எப்படி வரும் என்று இப்போதே அப்பாவிடம் விசாரிக்கிறாள்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் மூன்று பக்கம் சுற்றினேன் என்று வைத்துக்கொள். ஈப்போவில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜனவரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று உன் அண்ணி சொன்னாள். போன மாதமே உன் அலமாரியைத் திறந்து சர்டிபிகேட்டை எல்லாம் நகலெடுத்துக் கொடுத்து, என் மகள் வந்துவிடுவாள் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் பெயரையும் நோட்டில் நானே எழுதிக்கொண்டேன், பார்த்தாயா. நேற்று அந்த நிலையத்துக்குப் போன் பண்ணி, என் பொண்ணை நான் இன்னும் கேட்கல, கேட்டுட்டுச் சொல்றேன் என்றேன். அடுத்த மாதக் கடைசிவரை வைத்திருக்கிறோம் என்றார்கள். அதனால் இப்போது கேட்கிறேன். நீ வருகிறாயா, அங்கேயே இருக்கிறாயா? பயந்துகொண்டு வராதே, எனக்காகவும் வராதே, ரோஷத்துக்காக அங்கே இருக்கவும் வேண்டாம். வந்தால் உனக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைப்பேன். இருந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பொங்கலுக்கு நானே அங்கே வந்து நிற்பேன், அவர் வானிலையை நேரிலேயே பார்த்துக்கொள்ளட்டும். எதைச் சொன்னாலும் எனக்குக் கோபம் இல்லை, இது சத்தியம்.

முருகன் உன்னையும், உன் பதினேழு பெண்களையும், அவர்கள் பிள்ளைகளையும் நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும். நல்லா இரு, தீர்க்காயுசா இரு. கொசுவலை கட்டாமல் படுக்காதே, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, தலைக்கு எண்ணெய் வை. போகிற முதல் வீடு கலாதேவி வீடாக இருக்கட்டும், அங்கிருந்து வந்ததும் எழுது, போனில் சொல்லாதே, எழுது. அவள் வீட்டில் என்ன கொடுத்தாலும் குடித்துவிட்டு வா.

இத்தனை வருடம் கூப்பிட்டே பழகி, இப்போது கேட்டுவிட்டுக் காத்திருக்கும்
உன் அம்மா
சரளா கனகராஜ்